ஆடிக்கும் பேய் மாதத்துக்கும் நடுவே ஆறு நாள்

மலேசியாவில் எங்கள் ஊரான பினாங்கு ஆங்கிலேயர் கையில் தொடங்கியது ஓர் ஆடி மாதத்தில். பிரான்சிஸ் லைட் 1786 ஜூலை நடுவில் ஆட்களோடு வந்து இறங்கினார். இன்று கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கும் முனையில் காட்டை வெட்டச் சொன்னார். ஆகஸ்ட் 11 அன்று கொடியேற்றித் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டார். மறுநாள் வேல்ஸ் இளவரசருக்குப் பிறந்தநாள், ஆகவே தீவுக்கு அவர் பெயர். அந்தக் காலத்தில் ஆடி, இப்போது பிறப்பதைவிட மூன்று நான்கு நாள் முன்னதாகவே பிறந்துவிடும். ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அப்படிக் கணக்குப் போட்டால் லைட் கரையிறங்கியதும் ஆடியில், கொடியேற்றியதும் ஆடி முடிய ஓரிரு நாள் இருக்கும்போது. எங்கள் அத்தை அங்கே இருந்திருந்தால், "துரை, ரெண்டே நாள் பொறுங்க, ஆவணி பிறந்துடும்" என்று கட்டாயம் சொல்லியிருப்பார்.

ஆடியில் தொடங்கியதால்தான், அதுவரை தீவை வைத்திருந்த கெடா சுல்தானுக்கு இது கைவிட்டுப் போனது என்றுகூட யாராவது கதை கட்டலாம். நடந்தது வேறு. சயாம் படையெடுத்தால் கம்பெனி காப்பாற்றும் என்று சுல்தானை நம்பவைத்தார்கள், அந்தப் பாதுகாப்பு வரவே இல்லை. சுல்தான் தீவைத் திரும்பப் பிடிக்கப் பார்த்துத் தோற்றார். 1791 ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று முடித்துவிட்டார்கள். இதில் மாதத்தின் தப்பு ஒன்றும் இல்லை.

ஆடி என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு முகச்சுளிப்பு இருக்கிறது. கல்யாணம் கிடையாது, வீடு குடிபோவது கிடையாது, புது காடி, அதாவது கார், எடுத்தால்கூட "ஆவணிக்கு எடுத்திருக்கலாமே" என்று ஒருவர் சொல்லாமல் விடமாட்டார். அதே மாதத்தில் வெள்ளிக்கிழமையானால் மாரியம்மன் கோவிலில் கால்வைக்க இடம் இருக்காது. ஒரு மாதத்தை ஒரே மூச்சில் விலக்கிவைக்கவும் கொண்டாடவும் எப்படி முடிகிறது என்று எனக்கு நெடுநாளாக ஒரு குடைச்சல். இந்த ஊரில் ஒரு சீனக் குடும்பத்தோடு சம்பந்தம் பேசிய பிறகுதான் அது கொஞ்சம் விளங்கியது. அதற்குமுன் மாதத்தின் பிறப்பு வளர்ப்பைப் பார்த்துவிடலாம்.

பெயர் வானத்திலிருந்து வந்தது. சித்திரை நட்சத்திரத்தை ஒட்டிப் பௌர்ணமி வரும் மாதம் சித்திரை, விசாகத்தை ஒட்டி வந்தால் வைகாசி. அந்த வரிசையில் பூராடம், உத்திராடம் ஆகிய இரண்டையும் ஒட்டிப் பௌர்ணமி வருவது வடமொழியில் ஆஷாடம், தமிழில் ஆடி. இதே பெயர் சிங்களத்தில் எசல ஆகியிருக்கிறது, கண்டியில் யானைகள் அணிவகுக்கும் பெரஹெரா அந்த மாதத்தில்தான். பூலாவ் திக்குஸில் படுத்திருக்கும் புத்தர் இருக்கிற தாய்லாந்துக் கோவிலுக்குப் போனால், ஆசாள்ஹ பூஜை என்று புத்தரின் முதல் உபதேச நாளைக் கும்பிடுவார்கள். அது இந்த மாதத்துப் பௌர்ணமி. நம் மாதம் சூரியக் கணக்கு, அவர்களுடையது சந்திரக் கணக்கு என்பதால் 2024இல் அது நம் ஆடிக்குள் ஜூலை 20 அன்று வந்தது, 2025இல் ஆனியிலேயே ஜூலை 10 அன்று வந்துவிட்டது. மலையாளிகள் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, சூரியன் நிற்கும் ராசியின் பெயரால் கர்க்கடகம் என்பார்கள். பஞ்சம் வாட்டும் மாதம், இராமாயண மாதம், மருந்துக் கஞ்சி குடிக்கும் மாதம் எல்லாம் அவர்களுக்கு அதுதான். தெலுங்கர்களின் ஆஷாடம் அமாவாசைக்கு அமாவாசை ஓடுவதால், 2025இல் ஜூன் 26 தொடங்கி நம் ஆடி ஒரு வாரம் ஆனபோது முடிந்துவிட்டது. அவர்களுக்கும் அதில் கல்யாணம் கிடையாது. தெலுங்குக்காரர் ஒருவரும் தமிழர் ஒருவரும் கட்டிக்கொள்ளப் பார்த்தால் ஜூன் கடைசியிலிருந்தே கதவு சாத்தியாகிவிடும்.

பக்கத்தில் தொங்கும் ஆங்கில மாதங்கள் இரண்டும் ரோமானியத் தலைவர்களின் பெயரைச் சுமப்பவை. ஜூலைக்கு முன்னைய பெயர் ஐந்தாம் மாதம் என்று பொருள்படும் குவின்டிலிஸ், அது கி.மு. 44இல் ஜூலியஸ் சீசருக்குப் போனது. ஆறாம் மாதமான செக்ஸ்டிலிஸ் கி.மு. 8இல் அகஸ்டஸுக்குப் போனது. அகஸ்டஸ் பொறாமைப்பட்டுப் பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கித் தன் மாதத்தில் ஒட்டிக்கொண்டார் என்று வாட்ஸ்அப்பில் வரும் கதையை நம்பாதீர்கள். அந்த மாதத்துக்கு 31 நாள் சீசரின் சீர்திருத்தத்திலேயே வந்துவிட்டது.

நம் ஆடி அரசர் யாருக்கும் கட்டுப்பட்டதில்லை. சூரியன் கடக ராசியில் எத்தனை நேரம் நிற்கிறதோ அத்தனை நேரம்தான் மாதம். பழைய கணக்குப்படி ஆடிக்கு 31 நாள் 28 நாழிகை. ஆனி இதைவிட எட்டு நாழிகை கூடுதல். மார்கழியோ 29 நாள் 20 நாழிகையில் முடிந்துவிடும். ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனைவிட்டு மிகத் தூரத்தில் இருக்கும், தூரத்தில் இருக்கும்போது மெதுவாக நகரும், ஆகவே சூரியன் ஒரு ராசியைக் கடக்க அதிக நேரம் பிடிக்கிறது. ஆனியும் ஆடியும் சில ஆண்டுகளில் 32 நாள் வரை இழுப்பது இதனால்தான். தொலைநோக்கி இல்லாத காலத்தில் இதை நாழிகைக் கணக்கில் பிடித்து வைத்திருந்தவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது. இன்று அதே பஞ்சாங்கத்தைக் காட்டி எண்ணூறு மலேசிய வெள்ளிக்குப் பரிகாரம் விற்பவர்களைப் பார்த்தால் அந்த மரியாதை அப்படியே இறங்கியும் விடுகிறது.

ஆடி முதல் நாள் தட்சிணாயனம், சூரியன் தெற்கே திரும்பும் நாள் என்று சொல்வோம். உண்மையில் சூரியன் ஜூன் 21 வாக்கிலேயே திரும்பிவிடும். நாம் இருபத்தாறு நாள் தாமதமாக வாழ்த்துகிறோம். நட்சத்திரங்களை வைத்து எண்ணும் ஆண்டு, பருவங்களை வைத்து எண்ணும் ஆண்டைவிடச் சுமார் இருபது நிமிடம் நீளம். அதனால் சுமார் எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்று ஆடி பின்னால் தள்ளிக்கொண்டே போகிறது. இரண்டும் ஒன்றாக இருந்து ஆயிரத்து எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. லைட் துரை காலத்து ஆடி மூன்று நான்கு நாள் முந்திப் பிறந்ததற்கும் இதுதான் காரணம். பினாங்கில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாம் பூமத்திய ரேகைக்கு ஐந்தரை பாகைதான் வடக்கே இருப்பதால், ஆடியில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். அது தலைக்கு மேலே வந்து நம்மைத் தாண்டித் தெற்கே போவது செப்டம்பர் முதல் பாதியில்தான்.

ஆடியின் பெரும்பாலான வழக்கங்கள் காவிரியோடும் வயலோடும் கட்டுண்டவை. ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றார்கள். பதினெட்டாம் பெருக்கில் புதுத் தண்ணீரைப் பார்க்க ஆற்றங்கரைக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனார்கள். கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிக்கு இங்கே காவிரி கிடைக்கவில்லை, வயலும் சொந்தமாக இல்லை. கித்தா மரம்தான், அதாவது ரப்பர் மரம்தான், கிடைத்தது. அதற்கு விதைப்புப் பட்டம் ஏது? மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, கூலி இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிரும்போது பால் குறையும். தோட்டத்தின் சொந்தப் பருவங்கள் இவ்வளவுதான், இதில் ஆடிக்கு வேலையே கிடையாது.

ஆனாலும் நிபோங் தெபால் பக்கத்துத் தோட்டத்தில் நான் வளர்ந்தபோது, ஆடி வந்ததை லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரும் காலண்டர் பார்த்துச் சொன்னதில்லை. கூழ் காய்ச்சும் அண்டாவைக் கோவில் கொட்டகையிலிருந்து இறக்கி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள். முதல் நாள் ராத்திரியே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துவிடுவார்கள். மறுநாள் காலை நொய்யரிசி வெந்ததும் புளித்த மாவை அதில் ஊற்றிக் கிண்டுவது ஆண்களின் வேலை, உப்புப் பார்ப்பது கிழவிகளின் வேலை. தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், மோர் மிளகாய். அம்மனுக்குப் படைத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த கூழுக்குக் கருவாடு. அது இல்லாத வீட்டில் நெத்திலி சம்பல். கூழும் நெத்திலி சம்பலும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் முகத்தைச் சுளித்தார். அவருக்கு இழப்பு.

காற்றுகூட ஓரளவு ஒத்துழைத்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்காலையில் மலாக்கா நீரிணையைத் தாண்டிச் சுமத்ரா பக்கமிருந்து ஒரு சூறை வரும். அரை மணி, ஒரு மணி நேரம் தகரக் கூரையைப் பிய்த்துவிடுவதுபோல் அடித்துவிட்டு ஓய்ந்துபோகும். ஆங்கிலேயர் காலத்திலிருந்தே அந்தக் காற்றுக்குச் 'சுமத்ரா' என்றுதான் பெயர். அம்மா அதை ஆடிக்காற்று என்றே சொல்வார். ஏப்ரலிலும் அது வரும், அக்டோபரிலும் வரும். ஆடியில் வருவதற்கு மட்டும் பெயர் கிடைத்தது. பாலிக் பூலாவில் டுரியான் விழுந்து ஓயும் காலமும் அதுதான். ஒரே வாரத்தில் கோவில் கூழும் கடைசி டுரியானும் சேர்ந்து வயிற்றைப் பதம் பார்க்கும்.

கல்யாணத் தடைக்கு வருவோம். இதற்கு இப்போது எல்லாரும் சொல்லும் 'அறிவியல்' காரணம் ஒன்று இருக்கிறது. ஆடியில் கரு தரித்தால் சித்திரையில் குழந்தை பிறக்கும், சித்திரை வெயில் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது, அதனால்தான் முன்னோர்கள் புதுமணத் தம்பதியைப் பிரித்து வைத்தார்கள். தஞ்சாவூர் வெயிலுக்கு இது பொருந்தலாம். பினாங்கில் ஆண்டு முழுக்கப் பகலில் முப்பத்தோரு, முப்பத்திரண்டு டிகிரி. இங்கே வெயிலுக்கு ஒதுங்கிப் பிள்ளை பெற வேண்டுமென்றால் கேமரன் மலைக்குத்தான் போகவேண்டும். எனக்குப் பிடித்த விளக்கம் இன்னும் சாதாரணமானது. ஆடியில் வயலுக்கு ஆள் வேண்டும், விதைக்கும் உழவுக்கும் காசு போய்விட்டிருக்கும், இருக்கிற கொஞ்ச நேரமும் கோவிலுக்குப் போய்விடும். கையில் காசும் இல்லை, ஆளும் இல்லை, அப்போது யார் கல்யாணம் வைப்பார்கள்? தை அறுவடை முடிந்ததும் கல்யாணம் குவிவதை இதோடு சேர்த்துப் பார்த்தால் சரியாகத்தான் படுகிறது. காலப்போக்கில் காரணம் மறந்துபோய் பயம் மட்டும் மிஞ்சியது. கப்பலில் வந்தபோது நாம் பயத்தைத்தான் பத்திரமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்.

இந்தப் பயத்துக்கு இங்கே துணையும் கிடைத்தது. பினாங்குச் சீனர்களில் பெரும்பாலோர் ஹொக்கியன். அவர்களுடைய ஏழாம் மாதத்தை நாம் பேய் மாசம் என்போம். அவர்கள் பேய் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை, 'நல்ல சகோதரர்கள்' என்று மரியாதையாகச் சொல்வார்கள். மாதம் பிறக்கும்போது பாதாளத்தின் கதவு திறக்கும், மாதக் கடைசியில் மூடும், நடுவில் நல்ல சகோதரர்கள் ஊரில் உலாவுவார்கள் என்று நம்பிக்கை. கல்யாணம் இல்லை, வீடு மாறுவது இல்லை, புதுக்கடை திறப்பது இல்லை, ராத்திரி நேரங்கழித்துப் பிள்ளைகளை வெளியே விடுவதும் இல்லை. ஆடிப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நம்மைப்போலவே அவர்களும் விலக்கிவைக்கும் மாதத்தில்தான் தெருவெல்லாம் கூடுகிறார்கள். ஜார்ஜ்டவுனில் ஒவ்வொரு சந்தைக்கும், ஒவ்வொரு தெருக்கூட்டத்துக்கும் தனித்தனிக் குழு உண்டு. அந்தந்தக் குழு மாதத்தில் தனக்கென்று நாள்களை வைத்துக்கொண்டு கொட்டகை போடும். உள்ளே பேய்களின் அரசரான தாய் சு யா நிற்பார், மூங்கிலும் வண்ணக் காகிதமும் கொண்டு செய்த உருவம். பிதுங்கிய கண், கொம்பு. பார்த்தால் அடி வயிற்றைக் கலக்கும். ஆனால் தலைக்கு மேல் சின்னதாகக் கருணை வடிவான குவான்யின் உட்கார்ந்திருப்பாள், இவரே அவளுடைய அவதாரம்தான் என்பார்கள். புக்கிட் மெர்தாஜாமில் செய்வது 25 அடியைத் தாண்டும், பார்க்கவே வெளியூர்களிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். கடைசி ராத்திரி கும்பிடு முடிந்ததும் அவ்வளவு பெரிய உருவத்தையும் கொளுத்திவிடுவார்கள். நம் ஊர் பிள்ளையார் ஆற்றில் கரைவதும் இவர் நெருப்பில் போவதும் ஒரே ஏற்பாடுதான், வந்த விருந்தாளியை வழியனுப்பித்தானே ஆகவேண்டும்.

கொட்டகைக்கு எதிரே மேடை. முன்பெல்லாம் ஹொக்கியன் கூத்தும் பொம்மலாட்டமும். இப்போது கோதாய் என்கிற பாட்டுக் கச்சேரி, மினுக்கும் உடுப்பில் பெண்கள் பாடுவார்கள். முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும். அங்கே தெரியாமல் போய் உட்கார்ந்த ஒரு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணியை, ஒரு கிழவர் வந்து கையைப் பிடித்து மெல்ல எழுப்பிக் கூட்டிப்போனதைப் பார்த்திருக்கிறேன். யாருக்கு அந்த இடம் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் அந்த ஆள் வேகமாக எழுந்துவிட்டார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பணம் திரட்டும் முறை. குழுக்கள் எல்லாம் 1970களிலிருந்து ஒன்றுகூடி, பேய் மாத விருந்துகளிலும் ஏலங்களிலும் சேரும் காசில் ஒரு பங்கை மருத்துவமனைக்கும் சீனப் பள்ளிகளுக்கும் திருப்பிவிடுகிறார்கள். செத்தவர்களுக்குப் போட்ட சோற்றில் மிச்சம் பிடித்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். நம் கோவில்களிலும் ஆடி வெள்ளியில் உண்டியல் நிறையத்தான் செய்கிறது. தமிழ்ப்பள்ளிகளுக்குப் பேருந்துக் கட்டணம் தேடி அலையும் பெற்றோர் சங்கத்தில் நானும் இருந்திருக்கிறேன், ஆகவே இதைக் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

பேய் மாதத்துக்குப் பின்னால் இருக்கும் கதை நம் பக்கத்திலிருந்து போனதுதான். மௌத்கல்யாயனர் புத்தரின் முதன்மைச் சீடர்களில் ஒருவர். இறந்த தன் தாய் பசித்த பேயாக அலைவதை ஞானக்கண்ணால் பார்க்கிறார். சோறு கொண்டுபோய் ஊட்டுகிறார், வாயருகே போனதும் அது நெருப்பாகிவிடுகிறது. மழைக்காலத் தவம் முடிந்து வரும் துறவிகளுக்கு ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள் உணவு படை, அந்தப் புண்ணியத்தில் அவள் விடுபடுவாள் என்கிறார் புத்தர். சீனத்தில் இவர் பெயர் மூலியன். தாயைத் தேடிப் பாதாளம் வரை இவர் போகும் கதையைத்தான் அங்கே நூற்றாண்டுகளாகக் கூத்தாக ஆடியிருக்கிறார்கள். பிண்டமும் எள்ளும் தண்ணீருமாக நாம் ஆடி அமாவாசையில் செய்வதன் தூரத்து உறவு இது.

தூரத்து உறவு என்று சொன்னாலும் சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் வந்து நிற்கும். சீன மாதம் அமாவாசையன்று பிறக்கிறது, நாம் அதே அமாவாசையில் தர்ப்பணம் செய்கிறோம். 2021இல் ஆகஸ்ட் 8 ஆடி அமாவாசை, அன்றே பேய் மாதம் முதல் நாள். 2024இல் ஆகஸ்ட் 4, மறுபடியும் இரண்டும் ஒன்றாக. 2022இல் நமக்கு ஜூலை 28, அவர்களுக்கு விடிந்தால் 29. 2023இல் ஆடியில் இரண்டு அமாவாசை வந்தது. இரண்டாவது ஆகஸ்ட் 16, பேய் மாதத்தின் முதல் நாளும் அதுதான். இப்படி வரும் ஆண்டுகளில் எங்கள் அடுக்குமாடியில் காலையில் காக்காய்க்குச் சோறு வைக்கும் அம்மாவும், அந்தி சாய்ந்ததும் சாலையோரம் ஊதுவத்தி நட்டுக் காகிதப் பணம் கொளுத்தும் எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி ஆ சோவும் ஒரே லிஃப்டில் இறங்கிப் போவார்கள். இரண்டு பேரும் அன்றைக்கு அவரவர் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு என்னவோ மீன் விலையைப் பற்றி, சந்தை மலாயில்.

எல்லா ஆண்டும் இப்படி அமைவதில்லை. சீனர்கள் சந்திரக் கணக்கைச் சூரியனோடு ஒட்டவைக்க இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதத்தை இருமுறை எண்ணுவார்கள். 2025இல் ஆறாம் மாதம் அப்படி இரட்டித்தது. ஆகவே ஏழாம் மாதம் தள்ளிப்போய் ஆகஸ்ட் 23 அன்றுதான் பிறந்தது. அந்த ஆண்டுதான் என் அக்கா மகனுக்குக் கல்யாணம் முடிவானது. பெண் பட்டர்வொர்த்தைச் சேர்ந்த ஹொக்கியன் குடும்பம்.

நாள் குறிக்க இரண்டு வீட்டாரும் அக்கா வீட்டில் கூடினோம். அக்கா தினசரிக் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் வைத்தாள். பெண்ணின் அம்மா, குதிரைப் படம் போட்டுச் சீனத் தேதி அச்சடித்த காலண்டரைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். அக்கா அவரைப் பெசான், மலாயில் சம்பந்தி, என்றே கூப்பிட்டாள், அவரும் அப்படியே. ஜூலை 17 தொடங்கி ஆகஸ்ட் 16 வரை ஆடி, அக்கா சிவப்பில் கோடு போட்டாள். ஆகஸ்ட் 23 தொடங்கி செப்டம்பர் 21 வரை ஏழாம் மாதம், பெசான் நீலத்தில் போட்டார். அது முடிவதற்குள்ளேயே செப்டம்பர் 17 அன்று புரட்டாசி பிறந்துவிடும், அக்டோபர் 17 வரை எங்கள் வீட்டில் கறி மீன் கிடையாது, கல்யாணப் பேச்சும் கிடையாது. மூன்று மாதத்தில் மிஞ்சியது ஆகஸ்ட் 17 முதல் 22 வரை ஆறே நாள். அதில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான், ஆவணி முதல் நாள்.

மாப்பிள்ளைப் பையன் நிம்மதியாக மூச்சுவிட்டான். மண்டபத்துக்குப் போன் அடிக்கக் கையிலேயே எடுத்துவிட்டான். அதுவரை மூலையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தை காலண்டரை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தேய்பிறை நவமியிலயா தாலி கட்டப் போறீங்க?" என்றார். முந்தின நாள் கிருஷ்ண ஜெயந்தி. அஷ்டமி முடிந்து நவமி. போச்சு.

பெசானுக்கு நவமி புரியவில்லை, பெண்தான் விளக்கினாள். புரிந்ததும் அவர் கோபப்படவில்லை. "எங்களிடமும் இப்படி நாள்கள் உண்டு" என்று மலாயில் சொல்லிவிட்டு, தன் காலண்டரில் ஏதோ ஒரு கட்டத்தைக் காட்டினார். அப்புறம் தீபாவளி அக்டோபர் 20, அடுத்த நாளே சீனர்களின் ஒன்பதாம் மாதம் பிறந்து ஒன்பது பேரரசர் விரதம், பெசான் ஒன்பது நாளும் சைவம். இந்தப் பக்கம் அக்காவுக்குக் கந்த சஷ்டி விரதம். இரண்டும் முடிந்து, ஐப்பசி பாதியில், நவம்பர் முதல் ஞாயிறு வளர்பிறையில் கல்யாணம் நடந்தது. பன்றியும் மாடும் இல்லாத பத்து வகை விருந்து. அன்றைக்கு மழை கொட்டியதை ஒருவரும் சகுனம் என்று சொல்லவில்லை. நவம்பரில் பினாங்கில் மழை பெய்யும், அவ்வளவுதான்.

அந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் பழைய குடைச்சலுக்கு ஒரு மாதிரிப் பதில் கிடைத்தது. பெசான் தன் ஏழாம் மாதத்தைக் கெட்ட மாதம் என்று ஒருமுறையும் சொல்லவில்லை. "அந்த மாதம் அவர்களுக்கு" என்றே சொன்னார். கொட்டகை, சமையல், சந்தா வசூல், கூத்து எல்லாம் அவர்களுக்காக ஓடும்போது, நடுவில் வீட்டுக் கல்யாணத்தை வைத்து யார் கவனிப்பது என்பதுதான் அவர் கேள்வி. ஆடி வெள்ளிக் கோவில் வேலையில் அக்கா படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன், அவளும் இதையே சொல்லலாம். ஆனால் நாம் சொல்வதில்லை, 'ஆகாத மாதம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மதுரை எரிந்தது ஆடி மாதத் தேய்பிறை அட்டமி வெள்ளிக்கிழமை என்று சிலப்பதிகாரத்தில் நாள் குறித்திருக்கிறதே என்று அத்தை ஆதாரம் காட்டுவார். அந்த நாளை வைத்து எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 756 என்று காலம் கணித்தார், அதைப் பலர் ஏற்கவில்லை, அது ஒரு தனி வழக்கு. எப்படியானாலும் பாண்டியன் விசாரிக்காமல் தீர்ப்பு எழுதியதற்கு ஆடியைக் குற்றஞ்சொல்ல முடியாது.

மாதத்தின் மற்ற நாள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடிப்பூரம் ஆண்டாள் பிறந்த நட்சத்திரம், அம்மன் கோவில்களில் அன்று அம்மனுக்கு வளைகாப்பு. அந்தக் கண்ணாடி வளையலுக்காக லெபோ குவீன் மாரியம்மன் கோவில் போன்ற இடங்களில் பெண்கள் நெருக்கியடித்து நிற்பார்கள். அந்தக் கோவில் 1833லிருந்து இருக்கிறது, ஊரின் மிகப் பழைய இந்துக் கோவில். ஆடிக் கிருத்திகைக்குத் தண்ணீர்மலைப் படியில் பால்குடங்கள் ஏறும், தைப்பூசக் கூட்டத்தில் முருகனை ஒழுங்காகப் பார்க்க முடியாதவர்கள் அன்றைக்குப் போகலாம். பதினெட்டாம் பெருக்கு இங்கே பெரும்பாலும் வீட்டுக்குள்தான், தாலிக்கயிறு மாற்றுவதும் கலந்த சாதமும். சிலர் கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுகிறார்கள். கடலுக்கு ஏது பெருக்கு என்று கேட்காதீர்கள், புளியோதரை நன்றாகத்தான் இருக்கிறது.

2026இல் நாள் பார்ப்பவர்களுக்கு: ஆடி ஜூலை 17 அன்று பிறக்கிறது. ஆடி அமாவாசை ஆகஸ்ட் 12. அதே அமாவாசையில் ஸ்பெயினிலும் ஐஸ்லாந்திலும் முழுச் சூரிய கிரகணம், நமக்கு அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், ஒன்றும் தெரியாது, பரிகாரமும் வேண்டாம். பேய் மாதம் ஆகஸ்ட் 13 தொடங்கி செப்டம்பர் 10 வரை. புரட்டாசி செப்டம்பர் 17. நடுவில் மிஞ்சுவது செப்டம்பர் 11 முதல் 16 வரை, மறுபடியும் ஆறு நாள். இந்த முறை வளர்பிறை, 13 ஞாயிறு, 14 விநாயகர் சதுர்த்தி, 16 மலேசியா தினப் பொது விடுமுறை. தமிழ்ச் சீனக் கலப்புக் கல்யாணம் வைத்திருக்கும் எல்லா வீடும் அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் அடித்துக்கொள்ளும். மண்டபத்துக்கு இப்போதே முன்பணம் கட்டிவிடுங்கள்.